நாலரை மணி விலை

பெரிய மார்க்கெட் பூக்கடைச் சந்தில்
செலஸ்தீன் முசே கடைக் கரும்பலகையில்
விலை எழுதுவது நான்.
எழுதுவது மட்டும்தான். வைப்பது நானில்லை.
இதை உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும்,
ஹெல்மெட்டைக் கழற்றாமலே
"போன மாசம் எழுநூறு, இன்னைக்கு மூவாயிரமா,
ராத்திரி தங்கத்துல குளிச்சுதா மல்லி?" என்று
கேட்டுவிட்டுப் போன உங்களிடம்.

தங்கத்தில் இல்லை, பனியில்.
தைப்பனி தரையைத் துளைக்குமாம்;
அரும்பை மட்டும் விட்டுவைக்குமா?
வெயில் பட்டால்தான் அதற்கு வயிறு பெருக்கும்.
குளிரில் அரிசிமணி அளவிலேயே நின்று
காம்பு சிவந்து கொட்டிவிடும்.
ஏம்பலத்தில் அரைக்காணி மல்லி வைத்திருக்கும் கலிவரதன்
சித்திரையில் இரண்டு மூட்டை கொண்டுவருவார்,
மொபெட்டில் ஆளே தெரியாமல்.
இன்று கொண்டுவந்தது ஒரு கேரிபேக்.
அதன் காதை ஒற்றை விரலில் மாட்டிக்கொண்டு வந்தார்,
சாவிக்கொத்து மாதிரி.
இதே தேதியில் ஊரில் உள்ள மண்டபம் எல்லாம் முகூர்த்தம்.
ஒரு கேரிபேக்குக்கு எத்தனை கொண்டை, நீங்களே சொல்லுங்கள்.

ரோஜா வேறு கணக்கு.
பிப்ரவரி பதினாலுக்கு முந்தின வாரம்
ஓசூர் நல்ல பூவெல்லாம் விமானம் ஏறிவிடும்.
நமக்கு வருவது ஓரம் கறுத்தது.
அதுவும் ஒன்று இருபத்தைந்து.
பதினைந்தாம் தேதி காலை
பக்கெட்டோடு முப்பது ரூபாய் என்றால்
"பக்கெட் மட்டும் குடு" என்கிறார்கள்.

கேந்திக்கு ஆயுத பூஜை.
அதற்கு மறுநாள் மாட்டுக்கு.

கல்லறைத் திருநாள் வரும்போது மட்டும்
முசே என்னிடம் விலை சொல்லமாட்டார்,
வாசலில் நின்று வானத்தைப் பார்ப்பார்.
மழையில் வண்டி திண்டிவனத்தில் நின்றுவிட்டால்
சாமந்தி ஏறும்.
வண்டி வந்து சேர்ந்து, உப்பளத்துக்கு ஜனம் வராவிட்டால்
இறங்கும்.
ஒரு வருஷம் இரண்டும் நடந்தது, ஒரே காலையில்.
நான் அழித்து அழித்து
பலகை வெள்ளையாகிவிட்டது.

பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை
மல்லி நூற்றிருபது என்று எழுதினேன்.
ஒன்பதுக்கு எண்பது.
பதினொன்றுக்கு அழித்தேன், பிறகு எழுதவில்லை.
கலிவரதன் இரண்டாவது மூட்டையை அவிழ்க்கவே இல்லை.
டீ சொன்னார், குடிக்காமல் போனார்.

நான் சொல்ல வந்தது அதுவும் இல்லை.
அவர் தோட்டத்தில் பவுனம்மாள் என்று ஒருவர்
நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு
இரண்டு மணிக்குப் பறிக்க இறங்குவார்.
கூலி கிலோவுக்கு அறுபது.
சித்திரையிலும் அறுபது, தையிலும் அறுபது.
சித்திரையில் எட்டு கிலோ வரும்.
இன்று அவர் பறித்தது நானூறு கிராம்.
இருபத்து நாலு ரூபாய்.
நீங்கள் கத்திய அந்த மூவாயிரம்
அவருக்கு வருஷத்திலேயே மட்டமான நாள்.

ஒருமுறை மொபெட்டில் தொற்றிக்கொண்டு மார்க்கெட் வந்தார்.
எழுத்து தெரியாது, எண் தெரியும்.
பலகையை மேலிருந்து கீழே
விரலால் தடவிக்கொண்டே வந்து
"இதுல என்னோட அறுபது எங்க இருக்கு?" என்றார்.
கேலியாகக் கேட்கவில்லை. தேடினார்.
என் கையில் சாக்கட்டி இருந்தது.

பத்து மணிக்கு நீங்கள் திரும்பி வந்தீர்கள்.
அப்போது இரண்டாயிரத்து எண்ணூறு.
நூறு கிராம் கேட்டீர்கள்.
தராசு நூற்றொன்று காட்டியது.
முசே இரண்டு அரும்பைக் கிள்ளி எடுத்து
மறுபடி பைக்குள் போட்டார்.
நீங்கள் பார்த்தீர்கள். நானும் பார்த்தேன்.
இருநூற்று எண்பது, சில்லறையாக இருந்தால் நல்லது.